கிரைனின் ஒரே படம்

தோனா வரைந்த முகத்தை மறுபடியும் அழித்தாள்.

பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவள் இதையேதான் செய்துகொண்டிருந்தாள். பழுப்புக் காகிதப் பை ஒன்றைக் கிழித்துச் சமையலறை மேசையில் விரித்திருந்தாள். முதலில் ஒரு வட்டம் போடுவாள். அதன்மேல் தலைமுடி. பிறகு கண்கள். கண்கள் வந்ததும் நிறுத்திவிட்டு உற்றுப் பார்ப்பாள். உடனே ரப்பரை எடுப்பாள்.

எதிரே ரிக்கா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"யாரு அது?" என்று கேட்டாள்.

"கிரைன்."

ரிக்காவின் கையில் கத்தி நின்றது. தோனா வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அம்மா எழுந்து அடுப்பில் கரி போடப் போய்விடுவார். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

கிரைன் தோனாவின் தம்பி. நான்கு வயது. தெற்கே, கடலோர ஸேலாந்து மாகாணத்துத் தீவு ஒன்றில் அவர்கள் வீடு இருந்தது. இந்த ஆண்டு, 1953 பிப்ரவரியின் முதல் இரவில், கடல் அணையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. தோனாவும் அவள் அப்பாவும் அம்மாவும் பரணில் ஏறி, கூரையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். கிரைன் பிழைக்கவில்லை.

தோனாவின் அப்பா இன்னும் அங்கேதான் இருந்தார், உடைந்த அணையை அடைக்கிறவர்களோடு. அம்மா யன்னா நுரையீரலில் சளி கட்டி, இதே லைடன் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ரிக்காவின் அம்மாவும் யன்னாவும் அக்கா தங்கை முறை. அதனால் தோனா இங்கே, ரிக்காவின் வீட்டில், ரிக்காவின் கட்டிலில் பாதியில் இருந்தாள்.

"முகம் வர மாட்டேங்குது," என்றாள் தோனா. "போன வாரம்கூட இருந்துச்சு. இப்ப கண்ண மூடினா அவன் சட்டை வருது. மரச் செருப்பு வருது. முகம் மட்டும் வர மாட்டேங்குது."

"உங்க வீட்டுல படம் எதுவும்..." என்று ரிக்கா ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வீடே இல்லையே," என்றாள் தோனா.

அவள் மறுபடி அழித்தாள். கண் இருந்த இடத்தில் காகிதம் கிழிந்தது. அவள் அழவில்லை. அதைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ரிக்கா உருளைக்கிழங்கைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். போன ஆகஸ்டில் அவர்கள் எல்லோரும் அந்தத் தீவுக்குப் போய்த் தங்கியிருந்தார்கள். அப்பா தன் சின்ன மடக்குக் காமிராவைக் கொண்டுபோயிருந்தார். பசுக்களை எடுத்தார். அணையை எடுத்தார். வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்தார். கிரைன் மட்டும் எதிலும் இல்லை. காமிராவின் கறுப்புத் துருத்தி வெளியே நீண்டதுமே அவன் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடிவிடுவான். அது கடிக்கும் என்று நினைத்தான்.

ஆனால் கடைசி நாள் காலை.

உருளைக்கிழங்கு ரிக்காவின் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது.

அன்று அப்பா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "ஒண்ணு மிச்சமிருக்கு ரிக்கா. உனக்குப் பிடிச்சத எடுத்துக்கோ," என்று காமிராவை அவளிடம் கொடுத்தார். கிரைன் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தான். காமிராவை ரிக்கா வைத்திருந்ததால் அவனுக்குப் பயமில்லை. ஓடவில்லை. அவள் எடுத்தாள்.

அந்தப் படத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

*

அப்பா ஆலையிலிருந்து வந்ததும், மேலங்கியைக் கழற்றக்கூட விடாமல் ரிக்கா அவரை நடையிலேயே பிடித்துக்கொண்டாள். கம்பளி ஆலையில் வேலை செய்கிற எல்லோரையும் போல அவர்மேலும் ஆட்டு முடியின் வாசனை அடித்தது.

"அப்பா, ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு நான் ஒரு படம் எடுத்தேனே. அது எங்க?"

"எது? நீ கொஞ்சிக்கிட்டே இருந்தியே, அந்த ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டி இல்லப்பா. நான் கிரைன எடுத்தேன்."

அப்பா ஒரு கை மேலங்கிக்குள்ளும் மறு கையில் தொப்பியுமாக அப்படியே நின்றார்.

அவருடைய காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி ஃபிலிம். பிஸ்கட் அளவுக்கு, ஒற்றைத் தாள்போல இருக்கும். அது ஒவ்வொன்றும் ஒரு தகரக் கூட்டுக்குள், மூடியோடு இருக்கும். படம் எடுத்ததும் மூடியைச் செருகி எடுத்து வைத்துவிடலாம். பிறகு சனிக்கிழமைகளில் சமையலறையை இருட்டாக்கி அப்பாவே அவற்றைக் கழுவுவார்.

அன்று ரயிலில் ரிக்கா எடுத்த படத்தின் கூடு பெட்டிக்கு அடியில் சிக்கி நசுங்கிப்போனது. மூடி இறுகிக்கொண்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா அதை ஆணிப் பெட்டியில் போட்டு வைத்தார். ஆட்டுக்குட்டிதானே என்று மறந்தும் போனார்.

இப்போது அவர் அதைத் தேடி எடுத்து விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரம் வளைந்திருந்தது.

"இந்த இடுக்கு வழியா வெளிச்சம் போயிருக்கும்," என்றார் தாழ்ந்த குரலில். "போயிருந்தா எல்லாமே கறுத்திருக்கும். ஒண்ணும் இருக்காது."

"போகாம இருந்தா?"

"இருந்தா இருக்கும். சனிக்கிழமை பாப்போம். தோனாகிட்ட மட்டும் சொல்லிடாத. படம் இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லன்னு சொன்னா அந்தப் புள்ள தாங்காது."

ரிக்கா சரி என்று தலையாட்டினாள். ஆனால் சாப்பிடும்போது தோனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோனா ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளிடம் மென்மையாகப் பேசினார்கள். யாரும் எதையும் சொல்லவில்லை. அவள் கண்ணாடிச் சாமான் மாதிரி அந்த மேசையில் வைக்கப்பட்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் ரிக்காவால் அதை அடக்கிவைக்க முடியவில்லை. கால்வாய்ப் பாலத்தின் அருகே நின்றுவிட்டாள். தோனா எப்போதும் பாலத்தின் நடுவிலேயே, தண்ணீரைப் பார்க்காமல் நடப்பாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் ரிக்கா. "அப்பா சொல்லாதன்னாரு. ஆனா கிரைன் உன் தம்பி. எங்களுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

எல்லாவற்றையும் சொன்னாள். கூடு நசுங்கியது, ஓரம் வளைந்தது, ஒன்றுமே இல்லாமல் போகலாம் என்பது, எதையும் மறைக்கவில்லை.

தோனா அவள் பக்கம் திரும்பினாள்.

"இருக்குமா இருக்காதா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"திறக்கறப்போ நானும் இருப்பேன்."

"இருட்டா இருக்கும் தோனா. உன் கையே உனக்குத் தெரியாது. சின்ன வெளிச்சம் பட்டாலும் படம் போயிடும்."

தோனாவின் முகம் வெளுத்தது. வீட்டில் அவளுக்காக ராத்திரி முழுவதும் நடையில் விளக்கு எரியும். கரி எடுக்க நிலவறைக்குள் அவளை யாரும் அனுப்புவதில்லை. குழாயைத் திறந்தால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

"தண்ணியும் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும். ஆனா மூணு சூப் தட்டுலதான்."

தோனா கையுறையை இழுத்து இழுத்து விட்டாள்.

"வரேன்," என்றாள்.

*

அப்பாவிடம் ரிக்காவே போய்ச் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சொல்லாதன்னேன்."

"ஆமாப்பா."

"இனி என்ன பண்றது. வரட்டும். நடுவுல கதவத் திறந்துட்டா எல்லாம் போச்சு. அத அவளுக்குப் புரிய வை."

சனிக்கிழமை ஆலை அரைநாள்தான். மதியம் அம்மா மேசையைத் துடைத்துக் கொடுத்தார். போர்க்காலத்தில் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் இன்னும் ஒரு சுருள் வீட்டில் இருந்தது. அப்பா அதை ஜன்னலில் அடித்தார். கதவின் அடியில் கம்பளம் சுருட்டி வைத்தார். சாவித்துவாரத்தில் பஞ்சை அடைத்தார். தணல் வெளிச்சம் கசியாமல் அடுப்பின் கதவை இறுக மூடினார்.

பிறகு ஓரம் உடைந்த மூன்று எனாமல் தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"அந்தத் தட்டுங்க அந்த அலமாரிக்கே திரும்பிப் போகணும்," என்றார் அம்மா. "போன வருஷம் ஒண்ணுல எனக்கு சூப் ஊத்திக் குடுத்தீங்க."

"ஊத்தினேன். குடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டேனே."

"ஒரு கரண்டி குடிச்ச அப்புறம் சொன்னீங்க."

தோனாவின் உதடு லேசாக நெளிந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரிக்கா அதைப் பார்த்தாள்.

ரிக்கா விளக்கு எரியும்போதே தோனாவுக்கு எல்லாவற்றையும் காட்டினாள். கண்ணை மூடச் சொல்லி அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட வைத்தாள்.

"இது முதல் தட்டு. படத்த வெளிய கொண்டு வர மருந்து. இது ரெண்டாவது. வினிகர் வாசனை அடிக்குதா? மருந்து போதும்னு நிறுத்தறதுக்கு. இது மூணாவது, ஹைப்போ. இதுல கொஞ்ச நேரம் கிடந்தா அப்புறம் வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. அப்ப விளக்கப் போட்டுடலாம்."

"இது என்ன?"

"அது அப்பாவோட காபி."

"அதத் தள்ளி வைங்கடி," என்றார் அப்பா. அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

"நா இங்க கதவுக்கு வெளியதான் நிக்கறேன்," என்று அம்மாவின் குரல் கேட்டது. "யாரையும் வர விடமாட்டேன்."

அப்பா அலாரம் கடிகாரத்தை முறுக்கி வைத்தார். தோனா நாற்காலியில் உட்கார்ந்து இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்கட்டுமா?" என்று அவளிடம்தான் கேட்டார்.

தோனா தலையாட்டினாள்.

*

இருட்டு ஒரேயடியாக வந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

முதலில் கத்தி தகரத்தில் உரசும் சத்தம் கேட்டது. அப்பா மூச்சை அடக்கி அடக்கி நெம்பினார். பிறகு மூடி கிறீச்சென்று நகர்ந்தது.

"திறந்துடுச்சு," என்றார். அவர் விரல் தகரத்தில் உரசியது. "ஃபிலிம் வர மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. என் விரல் போகல. ரிக்கா, கை குடு. ஓரத்த மட்டும் பிடி. நடுவுல தொட்டா கீறல் விழுந்துடும்."

ரிக்கா தடவினாள். குளிர்ந்த தகரம். வளைந்த இடம். அதற்கு அடியில் ஃபிலிமின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டது. இழுத்தாள். வரவில்லை. வலுவாக இழுக்கலாம் என்று தோன்றியது. இழுக்கவில்லை. வளைவின் பக்கமாகத் தள்ளி, கொஞ்சம் வளைத்து, மெல்ல எடுத்தாள். அது வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. எடையே இல்லை.

"எடுத்துட்டேன்."

"முதல் தட்டு. ஒரே மூச்சுல உள்ள விடு."

மருந்து விரலில் குளிர்ந்தது. அப்பா அலாரத்தை ஓடவிட்டார். தட்டின் ஒரு ஓரத்தை உயர்த்தி இறக்கினார்.

சளப். சளப்.

சிறிய சத்தம்தான். ஆனால் அந்த இருட்டில் வேறு எதுவும் இல்லை. சுவரெல்லாம் அந்தச் சத்தமாகவே இருந்தது.

தோனா மூச்சு விடுவது ரிக்காவுக்குக் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக.

"சித்தப்பா," என்றாள் தோனா. "விளக்கப் போடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

"சித்தப்பா, போடுங்க. ஏறுது. தண்ணி ஏறுது."

"தோனா, அது தட்டுதான்மா. இங்க..."

நாற்காலி கவிழ்ந்தது. காலடிச் சத்தம் கதவுப் பக்கம் போனது. தாழ்ப்பாளில் கை பட்டு இரும்பு கடகடத்தது. நடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரற்கடை திறந்தால் போதும்.

"ரிக்கா, அவளப் பிடி," என்றார் அப்பா.

ரிக்கா எழுந்துவிட்டாள். இரண்டே எட்டுதான். பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் தோனா நடுங்குவது தாழ்ப்பாளின் சத்தத்திலேயே தெரிந்தது. இருட்டில், பின்னாலிருந்து, ஏதோ ஒன்று வந்து பிடித்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ரிக்கா நின்றாள்.

"அப்பா, தட்ட விட்டுடுங்க. கைய எடுங்க."

"ஆட்டாம விட்டா படம் திட்டுத் திட்டா..."

"எடுங்கப்பா."

சளப் சத்தம் நின்றது.

சமையலறை முழுவதும் அமைதியானது. அடுப்பில் கரி மட்டும் ஒரு தடவை சரிந்தது.

"தோனா," என்றாள் ரிக்கா. "கேட்டியா? நின்னுடுச்சு."

தாழ்ப்பாளும் அசையவில்லை.

"அது தானா வரல. அப்பா ஆட்டினாரு, வந்துச்சு. விட்டாரு, நின்னுடுச்சு. நீ வந்து ஆட்டு. நீ நிறுத்துன்னா நிக்கும்."

"எனக்கு வேணாம்."

"சரி, வேணாம். கதவத் திறக்கறதுன்னா திறந்துக்கோ. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா கிரைன் இங்க தட்டுல இருக்கான். பாதி வந்திருப்பான்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரிக்கா இருட்டில் அவர் முழங்கையைத் தேடி அழுத்தினாள்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எங்க இருக்க?" என்றாள் தோனா.

"இங்க. பேசிக்கிட்டே இருக்கேன், குரல் வர்ற பக்கமா வா. மேசை ஓரம் இருக்கும், தொட்டுக்கோ. நாற்காலி கீழ கிடக்கு, தாண்டி வா. இன்னும் கொஞ்சம். இதோ, இது என் கை."

தோனாவின் விரல்கள் பனிக்கட்டி போலிருந்தன. ரிக்கா அவற்றைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"தூக்கு. கொஞ்சமாப் போதும்."

தோனா தூக்கினாள். மருந்து அந்தப் பக்கம் போனது. இறக்கினாள். இந்தப் பக்கம் வந்தது. நிறுத்தினாள். அது ஓரத்தில் மோதி, சிறிதாகி, அடங்கியது.

அவள் மறுபடி தூக்கினாள். மறுபடி நிறுத்திப் பார்த்தாள். நின்றது.

பிறகு அவள் நிறுத்தவில்லை. ஒரே சீராக ஆட்ட ஆரம்பித்தாள். மூச்சும் அதோடு சேர்ந்து மெதுவானது.

"அன்னிக்கு நிக்கல," என்றாள். "அப்பா கத்தினாரு. அம்மா கத்தினாங்க. யார் சொன்னாலும் நிக்கல."

அப்பாவும் ரிக்காவும் நெருங்கி வந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அலாரம் அடித்தபோது மூவரும் திடுக்கிட்டார்கள். வெளியே நடையில் ஏதோ உடைந்தது.

"ஒண்ணுமில்ல," என்றது அம்மாவின் குரல். "உங்க காபி."

*

ரிக்கா ஃபிலிமை வினிகர்த் தட்டுக்கும், பிறகு ஹைப்போவுக்கும் மாற்றினாள். அந்தத் தட்டையும் தோனாதான் ஆட்டினாள். கடைசியில் அப்பா விளக்கைப் போட்டார். கண் கூசியது.

அப்பா ஃபிலிமை ஓரத்தில் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கினார்.

வளைந்த பக்கம் முழுவதும் கன்னங்கரேல் என்று இருந்தது. வெளிச்சம் புகுந்துதான் இருந்தது. ஆனால் பாதிதான். மறு பாதியில் சின்னதாக ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. ரிக்கா காமிராவை நேராகப் பிடிக்காததால் அது ஒரு ஓரத்தில், சாய்ந்தாற்போல் இருந்தது.

தோனா கிட்டே வந்து பார்த்தாள். பின்னால் நகர்ந்தாள்.

"இது கிரைன் இல்ல. மூஞ்சி கறுப்பா இருக்கு. கண்ணு வெள்ளையா இருக்கு."

அது நெகட்டிவ் என்று அப்பா விளக்க ஆரம்பித்தார். வெளுப்பு கறுப்பாகும், கறுப்பு வெளுப்பாகும், மறுபடி காகிதத்தில் போடும்போது... தோனா கேட்கவே இல்லை. அவள் கண் அந்த வெள்ளைக் கண்களிலேயே நின்றது.

ரிக்கா ஓடிப்போய் நடையிலிருந்து அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து வந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற கறுப்புத் தொப்பி.

"அது நல்ல தொப்பி ரிக்கா," என்றார் அம்மா வாசலிலிருந்து.

"நனையாதும்மா. முன்னாடி பிடிச்சுக்கிட்டா போதும்."

அப்பா படங்களை உலர்த்தும்போது ஒருதரம் அவள் இதைக் கவனித்திருந்தாள். ஃபிலிமுக்குப் பின்னால் தொப்பியைப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

சட்டென்று எல்லாம் திரும்பிக்கொண்டது. வெள்ளைக் கண்கள் கறுத்தன. கறுத்த முகம் வெளுத்தது. தள்ளுவண்டியில் ஒரு சிறுவன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

தோனா அசையாமல் நின்றாள்.

"இந்தக் கண்ணுதான்," என்றாள் கடைசியில். "நான் பெருசா வரைஞ்சேன். பெருசே இல்ல. இடுக்கிக்கிட்டிருக்கு."

பிறகு அவள் அழுதாள். தீவிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக, சத்தமாக, ரிக்காவின் அம்மாவின் சமையல் அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அம்மா அடுப்புக்குக் கரி போடப் போகவில்லை. அப்பாவும் செய்தித்தாளை எடுக்கவில்லை.

"கிரைன்," என்றார் அம்மா, அவள் தலையைத் தடவிக்கொண்டு. "எங்க கிரைன்."

ஃபிலிமை நெடுநேரம் தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. குழாயைத் தோனாவே திறந்தாள். வேண்டிய அளவு திறந்தாள். பிறகு மூடினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை விடுவார்கள். முந்தின மாலையே அப்பா உலர்ந்த ஃபிலிமைக் காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மூன்று படங்கள் போட்டிருந்தார். ஒன்று அணையில் வேலை செய்யும் தோனாவின் அப்பாவுக்கு. ஒன்று தோனாவுக்கு. மூன்றாவது, யன்னாவுக்கானது, ரிக்காவின் அம்மாவின் கைப்பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இருந்தது.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அம்மா நின்றுவிட்டார்.

"காட்டலாமான்னு எனக்குத் தெரியல," என்றார் மெல்ல. "யன்னா யாரோடயும் பேசறதே இல்ல. சுவரப் பாத்துக்கிட்டே படுத்திருக்கா. இதப் பாத்துட்டு இன்னும் மோசமாயிட்டா?"

ரிக்காவும் அதையேதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அவள் தோனாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. உன் அம்மாவ உனக்குத்தான் தெரியும்."

தோனா யோசித்தாள். கையை நீட்டினாள். அம்மா அட்டைகளை அவளிடம் கொடுத்தார்.

நீண்ட அறை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கட்டில்கள். யன்னா பெரியம்மா கடைசிக் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணையில் அவர் பின்னல் மட்டும் தெரிந்தது. ரிக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள்.

"அம்மா," என்றாள் தோனா. "ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். பாக்கணும்னா பாரு. வேணாம்னா நான் வச்சுக்கறேன்."

யன்னா திரும்பவில்லை. தோனா காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. சற்று நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. தோனா படத்தை அந்தக் கையில் வைத்தாள்.

யன்னா அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

அப்படியே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஒரு தாதி தள்ளுமேசையை உருட்டிக்கொண்டு போனாள். காட்டியிருக்கக் கூடாதோ என்று ரிக்கா நினைத்தபோது யன்னா மெல்லத் திரும்பி, முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

கட்டைவிரலைத் தன் உதட்டில் வைத்து ஈரமாக்கினார். படத்தில், கிரைனின் மூக்குக்குக் கீழே மெதுவாகத் துடைத்தார்.

"மூக்கு ஒழுகுது," என்றார். பல நாள் பேசாததால் குரல் கரகரத்தது. "படம் எடுக்கறாங்க, இத ஒருத்தரும் துடைச்சு விடலியா?"

ரிக்கா குனிந்து பார்த்தாள். உண்மைதான். அங்கே ஒரு சின்ன மினுமினுப்பு இருந்தது. நேற்றிலிருந்து அத்தனை தடவை பார்த்தும் அவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

"நான்தான் எடுத்தேன் பெரியம்மா," என்றாள். "கவனிக்கல."

யன்னா மறுபடி விரலைக் கொண்டுபோனார். தோனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதம்மா. அவன் அப்படித்தான் இருப்பான்."

யன்னா படத்தைப் பார்த்தார். பிறகு தோனாவைப் பார்த்தார், இத்தனை நாளுக்குப் பிறகு நன்றாகப் பார்த்தார். கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டார்.

தோனா காலணியைக்கூடக் கழற்றாமல் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். படம் இருவருக்கும் நடுவில் இருந்தது. தாதி பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் தள்ளுமேசையை அடுத்த கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்தக் கட்டிலில் மூன்று பேர் இருந்தார்கள்.